முதல் நாள் பேச்சு

ரிஃபாம்பிசின் என்றால், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும் மருந்து என்று உங்கள் பாடப்புத்தகம் தொடங்கும். பாவூர்சத்திரம் பக்கம் திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு அந்த மருந்தைப் பற்றித் தெரியவரும் முதல் செய்தி வேறு. காலையில் மாத்திரை போட்டால் மத்தியானம் ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும். "ரத்தமால்லா போகுது சிஸ்டர், என்ன மாத்திரை குடுத்திய?" என்று பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். ஓடி வருகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. சொன்னால் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். ஓடி வராமல், மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு, கேட்டால் "போட்டாச்சு" என்று சொல்கிறவர்கள்தான் பல வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தவர்கள்.

தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அதற்கு முன், திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு ஓரமாக இருந்த காலத்திலேயே, இந்தப் பக்கத்துக் காசநோயாளிகளோடு எனக்குப் பழக்கம். இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, குற்றாலம், கடையம் என்று வீடு வீடாகப் போயிருக்கிறேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். செவிலியர் படிக்கும் பிள்ளைகள் சிலர் மருந்தியலில் சந்தேகம் கேட்டு வருவார்கள். காசநோயின் நாலு மருந்தையும் அவற்றின் பக்க விளைவுகளையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்பது அவர்கள் தவறாமல் கேட்பது. நோயாளி நம்மிடம் கேட்கப்போகும் கேள்வியை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தேர்வுக்கும் அது போதும், வேலைக்கும் அது போதும்.

நோயாளி மருந்தை இடையில் நிறுத்தினால் படிவத்தில் 'அறியாமை' என்றோ 'ஒத்துழைப்பு இல்லை' என்றோ எழுதிவிடுவது வழக்கம். நான் பார்த்தவரை, அது பெரும்பாலும் அதிர்ச்சி. மருந்து தன் குணத்தைக் காட்டும். அதை நாம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் "சிஸ்டர் சொன்னது சரியாப் போச்சு" என்று நம்பிக்கை கூடும். சொல்லாமல் விட்டால் அதே குணம் மருந்தின் மேல் பயத்தை உண்டாக்கும். ஒரே நிறம், ஒரே நோயாளி. முன்னாலேயே சொன்னோமா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ரிஃபாம்பிசினையே எடுத்துக்கொள்வோம். சிறுநீர் மட்டுமல்ல, கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். வெள்ளைச் சட்டையின் அக்குளில் கறை படியும். காலேஜ் போகும் பிள்ளைகள் கண்ணில் போடும் சாஃப்ட் லென்ஸ் நிரந்தரமாக மஞ்சளாகிவிடும்; சிகிச்சை முடியும்வரை கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். இந்த நிறம் நமக்கு ஒரு சாட்சியும்கூட. வீட்டுக்குப் போனபோது ஒருவர் தினமும் போடுவதாகச் சத்தியம் செய்தால், "ஒண்ணுக்கு என்ன நிறம்?" என்று சும்மா கேட்பேன். "சாதாரணமாத்தான் போகுது" என்று வெள்ளந்தியாகப் பதில் வந்தால் விஷயம் விளங்கிவிடும். திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை சரியான நிறத்தைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நிறத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மருந்துகளில் மூன்று கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. காமாலை வந்தாலும் சிறுநீர் கருமஞ்சளாகத்தான் போகும். "மருந்து நிறம்தான், பயப்படாதீங்க" என்று நாம் சொன்னதை நம்பி, காமாலையையும் மருந்து நிறம் என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆகவே முதல் நாளே இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மருந்து நிறம் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் தெளிவாக இருக்கும். மறுநாள் காலை மாத்திரைக்கு முன் குறைந்திருக்கும். கண் வெள்ளையாகவே இருக்கும். காமாலை என்றால் சோற்றைக் கண்டாலே ஓங்கரிக்கும், உடம்பு அசந்துவரும், கண் மஞ்சளாகும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இங்கே கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவிட்டுப் பத்து நாள் பார்ப்போம் என்று இருப்பவர்கள் அதிகம். கீழாநெல்லியைப் பற்றி நான் வாதாடுவதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு முதலில் வாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அறிகுறியோடு கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. அளவு இயல்பின் உச்சத்தைப் போல் 3 மடங்குக்கு மேல் போனாலும், அறிகுறியே இல்லாமல் 5 மடங்குக்கு மேல் போனாலும் இந்த மூன்று மருந்தும் நிற்க வேண்டும். கல்லீரல் தேறியபின் மருத்துவர் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். நோயாளி தானாகத் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு குணம் உண்டு. கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். செங்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. காசநோய் மாத்திரை தொடங்கியதும் ஏறிக்கொண்டே போனது. கல்லாப்பெட்டியில் கைவைத்து மிட்டாய் தின்கிறார் என்று அவர் மனைவிக்குச் சந்தேகம். மனுஷர் பாவம், ஒன்றும் தின்னவில்லை. கிளிமிபிரைடு அவர் ரத்தத்தில் நிற்கவில்லை. மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகு வீட்டில் சமாதானம் வந்தது. கருத்தடை மாத்திரையும் இதே கதிதான். மாலா-என் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இளம் தாய்க்கு இதைச் சொல்லாமல் விட்டால் ஆறு மாதத்துக்குள் வேறொரு பிரச்சினையோடு வந்து நிற்பாள். காப்பர்-டி போன்ற வேறு வழியை அன்றே பேசிவிட வேண்டும். ஆண் ஊழியர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு செவிலியரை வைத்துக்கொண்டாவது கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் எச்.ஐ.வி. மருந்தில் இருப்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர்வார்கள்.

ஐசோனியசிட்டுக்கு வருவோம். மைக்கோபாக்டீரியத்தின் செல் சுவரில் உள்ள மைக்கோலிக் அமிலத்தைக் கட்டவிடாமல் செய்வது இது. கூடவே நம் உடம்பின் வைட்டமின் பி6-ஐயும் குறைத்துவிடும். அதனால் கால் எரிச்சல், மதமதப்பு வரும். பீடி சுற்றுகிற பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். விரல் நுனி மதமதத்து, இலையைச் சுருட்ட வராமல், ஆயிரம் சுற்றும் கை அறுநூறில் நிற்கும்போதுதான் புகார் வரும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் அது வருமானக் கணக்கு. அப்போது அவர்கள் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள், பீடியை அல்ல. பைரிடாக்சின் தினமும் 10 மில்லிகிராம் கூடவே கொடுத்துவந்தால் பெரும்பாலும் இது வராது. அந்தச் சின்ன மாத்திரையைச் 'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சத்து மாத்திரை என்றால் வீட்டில் மெலிந்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். 'கால் எரியாம இருக்க' என்று சொல்லிக் கொடுங்கள்.

ஐசோனியசிட்டைச் சிலர் உடம்பு வேகமாகச் செரிக்கும், சிலர் உடம்பு மெதுவாக. மெதுவாகச் செரிப்பவர்களுக்கு நரம்புத் தொல்லை அதிகம். இந்த வித்தியாசத்தைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் 1960களிலேயே ஆராய்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தபோது வேகமாகச் செரிப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது.

மீன் விஷயத்தைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும். தென்காசிக்குக் கடல் இல்லை. மீன் தூத்துக்குடியிலிருந்தோ மலைக்கு அந்தப் பக்கமிருந்தோ வண்டியில் வர வேண்டும். வழியில் ஐஸ் குறைந்தால் சூரை, அயிலை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். வேகவைத்தாலும் அது போகாது. சாதாரணமாக நம் உடம்பு அதை ஓரளவு முறித்துவிடும். அதை முறிக்கும் நொதியை ஐசோனியசிட் தடுக்கிறது. விளைவு, மீன் குழம்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கையில் நெஞ்சு நோய் மருத்துவர் உரகொட 1970களின் பிற்பகுதியில் சூரை சாப்பிட்ட காசநோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார். தெரியாத இடத்தில் இது 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று பதிவாகி, நல்ல மருந்து ஒன்று வீணாக நிறுத்தப்படும். அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதும் மருந்தியல்தான்.

இங்கே எந்த மருந்துக்கும் அடுத்த கேள்வி, "பத்தியம் உண்டா சிஸ்டர்?" என்பது. சொல்லாமல் விட்டால் அவர்களாகவே ஒரு பத்தியத்தை வைத்துக்கொள்வார்கள்: முட்டை சூடு, கறி ஆகாது, பருப்பு வாயு. கடைசியில் ரசமும் சோறும் மிஞ்சும். மெலிந்த உடம்புக்குப் புரதம் வேண்டிய நேரம் இது. சாராயம் கூடாது, கெட்டுப்போன சூரை கூடாது, மற்றபடி எல்லாம் சாப்பிடலாம் என்று அழுத்திச் சொல்வேன். சத்துணவுக்கு அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். அந்தப் பணம் பெரும்பாலும் முட்டையாக மாறுவதில்லை என்பது எனக்குத் தெரியும். வாங்கும் கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பைரசினமைடு அமிலச் சூழலில், செல்லுக்குள் பதுங்கியிருக்கும் கிருமிமேல் வேலை செய்வது. யூரிக் அமிலத்தை ஏற்றிவிடுவதால் மூட்டு வலிக்கும். வலிமாத்திரையில் அநேகமாக அடங்கும். எத்தாம்ப்யூடால் கண்ணைத் தாக்கும்: பார்வை மங்கும், சிவப்பும் பச்சையும் குழம்பும். நிறப் பரிசோதனைப் புத்தகம் கையில் இல்லாத வீட்டில் நான் பீடி கட்டும் நூல்கண்டுகளைக் கலைத்துப் போட்டு, சிவப்பை எடு, பச்சையை எடு என்பேன். சந்தேகம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும்.

இனிக் குற்றாலம். வெளியூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி, ஆவணி என்றால் சாரல், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். எங்களுக்கு அது மருந்து விட்டுப்போகும் காலம். பஜ்ஜிக்கடை, லாட்ஜ், எண்ணெய் தேய்த்துவிடும் வேலை, பழக்கடை என்று வருஷத்துச் சம்பாத்தியமே அந்த மூன்று மாதத்தில்தான். விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்தால் நள்ளிரவில்தான் அணையும். பஜ்ஜிக்கடை மாஸ்டர் ஒருவர் சித்திரையில் மாத்திரை தொடங்கினார். ஆனி பிறந்தபோது இருமல் நின்றிருந்தது, காய்ச்சல் இல்லை, பசி திரும்பியிருந்தது. "சீசன் முடிஞ்சி வாரேன் சிஸ்டர், இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

இந்த 'நல்லாத்தானே இருக்கேன்' ஏன் ஆபத்து என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேகமாகப் பெருகும் கிருமிகளில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். இருமல், காய்ச்சல் எல்லாம் அவற்றால் வருவது. மிச்சமிருப்பவை மெதுவாக, விட்டு விட்டுப் பெருகுபவை. அவற்றை ஒழிக்கத்தான் ரிஃபாம்பிசினுக்கு ஆறு மாதம் தேவைப்படுகிறது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகுதான் ஒன்றரை வருஷச் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. அந்த மாஸ்டரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்திருந்தேன்: "ரெண்டாவது மாசம் உங்களுக்கு நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அப்ப மாத்திரையை விடத் தோணும்." அதை நினைவுபடுத்தியதும் சிரித்துவிட்டார். கடைக்காரரிடம் பேசி, அடுப்பு பற்றவைக்கும் முன் மாத்திரை என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

வெறும் வயிறு என்பதுதான் விதி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. குமட்டல் தாங்காதவரிடம் விதியைப் பிடித்துத் தொங்காதீர்கள், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடட்டும். போடாத மாத்திரையைவிடக் கொஞ்சம் குறைவாக ஏறும் மாத்திரை மேல். அன்டாசிட் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அலுமினியம் உள்ளவை ஐசோனியசிட்டை உடம்பில் சேரவிடாது. சாரல் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை உண்டு: வாரத்து மாத்திரையை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது. எத்தாம்ப்யூடால் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

கூட்டு மாத்திரை வருவதற்கு முன் பெட்டிகள் இருந்தன. புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுசிகிச்சைக்கு நீலப் பெட்டி. பெட்டிமேல் நோயாளியின் பெயர். ஒருவருக்கான முழுச் சிகிச்சையும் அதற்குள் இருந்ததால் பாதியில் மருந்து தீர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு ஏழு மாத்திரை, நம் கண்முன்னே விழுங்க வேண்டும். அந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கும். ஏழு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டிகள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்காது. 2017இலிருந்து நாடு முழுக்கத் தினசரிக் கூட்டு மாத்திரை. நாலு மருந்தும் ஒன்றில்: ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்ப்யூடால் 275 மில்லிகிராம். இரண்டு மாதம் கழித்து பைரசினமைடு மட்டும் இல்லாத மாத்திரை, நாலு மாதம். எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 25 முதல் 34 கிலோவுக்கு 2, 35 முதல் 49க்கு 3, 50 முதல் 64க்கு 4, 65 முதல் 75க்கு 5, அதற்கு மேல் 6.

இங்கேயும் முன்கூட்டிச் சொல்ல ஒன்று இருக்கிறது. 47 கிலோவில் தொடங்கிய பெண் தேறி 53 ஆனால் மாத்திரை மூன்றிலிருந்து நான்காகும். நமக்கு அது மகிழ்ச்சியான செய்தி. அவளுக்கோ, "நோய் கூடிட்டா சிஸ்டர்?" மாத்திரை கூடினால் நோய் கூடியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். "நீ சதை போட்டா நான் ஒரு மாத்திரை கூட்டுவேன், பந்தயமா?" என்று தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தால் அந்த நாள் சிரிப்போடு போகும்.

மாத்திரை உறையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் முறையும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாத்திரை வயிற்றுக்குள் போனதா, கொல்லையில் போனதா என்று போனுக்குத் தெரியாது.

நோயாளியின் வீட்டுக்குப் போவதை ஏதோ கூடுதல் வேலையாக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சரித்திரம் சொல்வேன். நெல்லைச் சீமையின் எழுத்தாளர் புதுமைப்பித்தன் இதே நோயில் 1948இல் போனார். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் முடிவு வெளியானதும் அதே ஆண்டில்தான். எட்டே வருஷத்தில், 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி தாம்பரம் சானடோரியத்தில், ஓய்வும் நல்ல சாப்பாடுமாக. மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரு பகுதியினருக்கும் ஐசோனியசிட்டும் பாஸ் என்ற மருந்தும் ஒரு வருஷம். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் கவனித்ததில் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையத்து ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் பார்க்கும் கலையில் அவர்கள் எனக்கு முன்னோர்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம் என்று வேலைக்குப் போகும் பையன்கள் மருந்தை விட்டால் முன்பெல்லாம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இப்போது நிக்‌ஷய் என்ற காசநோயாளர் பதிவில் அங்கேயே மாற்றிவிடலாம். ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதைச் சளியிலிருந்து சில மணி நேரத்தில் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சொல்லிவிடுகின்றன. அடங்காதவர்களுக்கு முன்பு மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி போட்டோம். காது கேட்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். இன்று பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்று ஊசி இல்லாத ஆறு மாதச் சிகிச்சை வந்துவிட்டது. ஈ.சி.ஜி.யையும் ரத்த அணுக்களையும் கவனிக்க வேண்டும்.

எல்லாம் சொன்னபின் ஒன்று. முதல் நாள் பேச்சு உயிரோடிருப்பவர்களுக்குத்தான் பயன்படும். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நடப்பதால், தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. மாத்திரை கொடுக்கும் முன் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு 14க்கு மேல் போகாதவர், நிமிஷத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்குபவர், ஆக்சிஜன் 94க்குக் கீழே இருப்பவர், தாங்கலில்லாமல் நிற்க முடியாதவர் ஆகியோரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. படுக்கை கொடுக்க வேண்டும். பீடித் தூசி இருமல் என்றே மாதக்கணக்கில் இருந்துவிட்டு வரும் பெண்கள் எங்கள் பக்கம் இந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறார்கள்.

நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் வரிசை நீளமாகத்தான் இருக்கும். இருந்தாலும் முதல் அட்டையைக் கொடுக்கும் அன்று நோயாளியையும் கூட வந்தவரையும் உட்காரவைத்து, நிறம், குமட்டல், கால், கண், காமாலை, இரண்டாம் மாதம் எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் கேட்க நிக்‌ஷய் உதவி எண் 1800-11-6666, கட்டணம் இல்லை. அதை அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.